கப்பலுக்குத் தீனி எங்கே?

கரி போய் எண்ணெய் வந்தது; எண்ணெய் போய் என்ன வரும்?

வானம் முழுவதும் சாம்பல் நிற மேகம். ஒரு நட்சத்திரம்கூடக் கண்ணில் படவில்லை.

டென்மார்க் நாட்டுக் கப்பல் காப்டன் ஒருவர் அந்த வானத்தைப் பார்த்தபடி நின்றார். அவருடைய மனைவி கடும் நோயில் படுத்திருந்த நேரம் அது. மனைவி பிழைப்பார் என்பதற்கு ஓர் அடையாளம் காட்டும்படி அவர் ஆண்டவனை வேண்டினார்.

மேகத்தின் நடுவே ஒரே ஒரு நட்சத்திரம் தெரிந்தது. மனைவியும் பிழைத்துக் கொண்டார்!

அந்தக் காப்டனின் பெயர் பீட்டர் மேர்ஸ்க் மோலர். 1886-ம் ஆண்டில் அவர் ஒரு நீராவிக் கப்பலை வாங்கினார். கப்பலின் பெயர் "லாரா". அதன் புகைபோக்கியில் நீலப் பட்டை ஒன்று தீட்டி, அதன் நடுவே ஒரு வெள்ளை நட்சத்திரத்தைப் போடச் செய்தார். அது எதற்காக என்பதை மனைவிக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். மேகத்தின் நடுவே தெரிந்த அந்த நட்சத்திரத்தின் நினைவாகத்தான்!

இன்று அந்தக் குடும்பத்தின் கம்பெனி, உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று. அதே நட்சத்திரம்தான் இன்றும் அதன் சின்னம்.

2023-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி, டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ஒரு விழா நடந்தது. ஒரு புதிய சரக்குக் கப்பலுக்குப் பெயர் சூட்டும் விழா. ஐரோப்பிய கமிஷன் தலைவர் ஊர்சுலா வான் டெர் லையன் வந்து பெயர் சூட்டினார். என்ன பெயர் தெரியுமா? "லாரா மேர்ஸ்க்"!

137 ஆண்டுகளுக்குப் பிறகு பழைய பெயரை ஏன் மறுபடியும் வைத்தார்கள்? காரணம் இருக்கிறது. பழைய லாரா, நீராவிக் காலத்துக் கப்பல். அதன் தீனி நிலக்கரி. புதிய லாராவும் ஒரு புதிய காலத்தைத் தொடங்க வந்த கப்பல். அதன் தீனி "மெத்தனால்" என்ற திரவம். அதைக் கொண்டு ஓடும் முதல் கண்டெய்னர் கப்பல் அதுதான்.

கப்பலின் தீனி மாறினால் கப்பல் மட்டும் மாறுவதில்லை. அதற்குத் தீனி போடும் துறைமுகமும் மாற வேண்டும். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஆயிரக் கணக்கான மக்களின் வாழ்க்கையும் மாறும். இதற்கு முன் ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது. இப்போது இரண்டாவது தடவையாக நடக்கத் தொடங்கியிருக்கிறது.

கூடை கூடையாகக் கரி

பாய்மரக் கப்பலுக்குத் தீனி வேண்டியதில்லை. காற்று போதும். காற்று நின்றால் கப்பலும் நிற்கும், அவ்வளவுதான்.

நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்குக் காத்திருக்கும் வேலை போயிற்று. ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்து சேர்ந்தது. அது அகோரப் பசிக்காரக் கப்பல்! இரவும் பகலும் நிலக்கரியை விழுங்கிக் கொண்டே இருக்கும். நெடுந்தூரப் பயணத்துக்கு வேண்டிய கரி முழுவதையும் ஏற்றிக் கொண்டால், சரக்கு வைக்க இடம் இருக்காது.

அதனால் வழி நெடுகக் கரிக் கிடங்குகள் தேவைப்பட்டன. ஏடன் துறைமுகத்தை ஆங்கிலேயர் 1839-ம் ஆண்டில் பிடித்தனர். பிறகு அது பெரிய கரிக் கிடங்காக மாறியது. 1869-ம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், அதன் வாசலில் இருந்த போர்ட் செய்த் நகரம் கரியாலேயே செழித்தது. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கரி மலைகள் எழுந்தன.

கரி ஏற்றுவது எப்படி? பெரும்பாலும் மனிதர்களின் தலையிலும் தோளிலும்தான்! கப்பலுக்கும் படகுக்கும் நடுவே பலகை போடுவார்கள். கூடைகளில் கரியைச் சுமந்து கொண்டு, எறும்புச் சாரி போல ஆட்கள் ஏறுவார்கள், கொட்டிவிட்டு இறங்குவார்கள். மறுபடி ஏறுவார்கள். கரித் தூள் மேகம் போலக் கிளம்பும். பிரயாணிகள் ஜன்னலை அடைத்துக் கொண்டு உள்ளே இருந்துவிடுவார்கள். சுமந்தவர்கள் எங்கே போவது? அந்தத் தூளைத்தான் சுவாசித்தார்கள்.

கப்பலின் அடிவயிற்றில் இன்னொரு கூட்டம் இருந்தது. கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர்கள். மேலே கடல் காற்று. கீழே நெருப்புச் சூளை!

புகைபோக்கி இல்லாத கப்பல்

1912-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அதே கோபன்ஹேகனிலிருந்து ஒரு கப்பல் பாங்காக் நகரத்துக்குப் புறப்பட்டது. அதன் பெயர் "செலாண்டியா".

பார்த்தவர்கள் திகைத்தார்கள். கப்பலுக்குப் புகைபோக்கியே இல்லை! புகைபோக்கி இல்லாமல் கப்பல் எப்படி ஓடும்?

ஓடியது. அது டீசல் என்ஜினில் ஓடிய கப்பல். பெருங்கடலைக் கடந்து சென்ற முதல் பெரிய டீசல் கப்பல் என்று அதைச் சொல்வார்கள். என்ஜினிலிருந்து வரும் சிறிதளவு புகையைக் கம்பத்தின் வழியாகவே வெளியேற்றினார்கள்.

கப்பல் லண்டனுக்குச் சென்றபோது, பிரிட்டிஷ் கடற்படை மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில் நேரில் வந்து சுற்றிப் பார்த்தார். போர்க் கப்பல்களைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றும் வேலையை மும்முரமாக நடத்தியவர் அவர்தான்.

எண்ணெயில் எத்தனை வசதி! குழாயைப் பூட்டினால் போதும். தானாகவே வந்து நிறையும். கூடை வேண்டாம். கரி அள்ளிப் போட ஆள் வேண்டாம். வழியில் அடிக்கடி நிற்கவும் வேண்டாம்.

ஆனால் அந்தக் கூடை சுமந்தவர்களின் கதி? கரி போயிற்று, அவர்கள் பிழைப்பும் போயிற்று. கரியை மட்டும் நம்பி இருந்த துறைமுகங்களின் மவுசு குறைந்தது. எண்ணெய்க்குக் காலத்தோடு இடம் கொடுத்த துறைமுகங்கள் முன்னுக்கு வந்தன.

சிங்கப்பூர் அப்படி முன்னுக்கு வந்த ஊர். அதை அடுத்த ஒரு சின்னத் தீவில், 1890-ம் ஆண்டுகளிலேயே மண்ணெண்ணெய்க் கிடங்கு வந்து விட்டது. இன்று கப்பல்களுக்கு எண்ணெய் விற்பதில் உலகத்திலேயே முதல் இடம் சிங்கப்பூருக்குத்தான். 2024-ம் ஆண்டில் மட்டும் அங்கே கப்பல்களுக்கு விற்ற எரிபொருள் ஏறத்தாழ 5 கோடியே 49 லட்சம் டன்!

தார் போன்ற எண்ணெய்

எண்ணெய் வந்தது, தொல்லை தீர்ந்ததா? இல்லை.

பெரிய கப்பல்கள் குடிக்கும் எண்ணெய், மோட்டார் காருக்குப் போடும் எண்ணெய் போன்றது அல்ல. பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்து எடுத்தபின் அடியில் தங்கும் கசண்டு அது. தார் போலக் கெட்டியாக இருக்கும். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும்.

அதில் கந்தகம் உண்டு. எரிந்தால் நெடி வீசும், நெஞ்சை அடைக்கும். துறைமுகத்தில் நிற்கும்போதும் கப்பலுக்குள் விளக்கு எரிய வேண்டும். குளிர்பெட்டிகள் ஓட வேண்டும். அதற்காக உள்ளே என்ஜின் ஓடிக் கொண்டே இருக்கும். அந்தப் புகை எங்கே போகும்? துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களின் வீட்டுக்குள்தான்!

ஆகவே கட்டுப்பாடு வந்தது. 2020-ம் ஆண்டு முதல், கப்பல் எண்ணெயில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்று உலகம் முழுவதற்கும் விதி செய்தார்கள். அதற்கு முன் மூன்றரைப் பங்கு வரை இருக்கலாம். புகையைக் கழுவிச் சுத்தம் செய்யும் கருவி பொருத்திய கப்பல்கள் மட்டும் பழைய எண்ணெயை எரிக்கலாம். சில துறைமுகங்களில் கரையிலிருந்தே கப்பலுக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். கம்பியைப் பூட்டியதும் கப்பல் என்ஜினை நிறுத்தி விடலாம்.

கந்தகத்துக்கு வழி பிறந்தது. ஆனால் கரியமில வாயு? அதுதான் பூமியைச் சூடாக்குகிறது. மனிதர்களால் உண்டாகும் இத்தகைய வாயுக்களில் நூற்றுக்கு 3 பங்கு கப்பல்களிலிருந்து வருகிறது. 2050-ம் ஆண்டு வாக்கில் இந்தக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று உலகக் கடல்துறை அமைப்பு 2023-ம் ஆண்டில் தீர்மானித்தது.

எண்ணெயை விட்டுவிட்டுக் கப்பல் எதைத்தான் குடிப்பது?

நான்கு பேர் போட்டி

இந்த இடத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் நான்கு பேர். ஒவ்வொருவரிடமும் ஒரு குணம் உண்டு. ஒரு குறையும் உண்டு.

முதலாவது, இயற்கை வாயு. அதைக் கடுங்குளிரில் திரவமாக்கி ஏற்றுகிறார்கள். ஏற்கனவே பல கப்பல்கள் இதில் ஓடுகின்றன. புகை குறைவு. ஆனால் எரியாமல் நழுவும் வாயு, கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும்.

இரண்டாவது, ஹைட்ரஜன். எரிந்தால் கரியமில வாயு வராது. ஆனால் அதைத் திரவமாக்க, பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிர் வேண்டும்! அதோடு அதற்கு இடமும் அதிகம் தேவை.

மூன்றாவது, அம்மோனியா. உரத் தொழிற்சாலைகளில் பழகிய சரக்கு. இதிலும் கரி கிடையாது. ஆனால் கசிந்தால் ஆளைக் கொல்லும் வாயு.

நான்காவதுதான் மெத்தனால். சாதாரண வெப்பத்திலேயே தண்ணீர் போலத் திரவமாக இருக்கும். குளிரூட்டும் தொட்டி வேண்டாம். கடலில் கொட்டினாலும் தண்ணீரில் கலந்து விரைவில் அழிந்து விடும். எண்ணெய் போல மாதக் கணக்கில் கரையில் ஒட்டிக் கிடக்காது.

மெத்தனால் எரிந்தாலும் கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆனால் சாணம், குப்பை, தாவரக் கழிவு ஆகியவற்றிலிருந்து அதைத் தயாரித்தால், முன்பு காற்றிலிருந்து செடி எடுத்துக் கொண்ட வாயுதான் திரும்பிப் போகிறது. கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது போல! நிலக்கரியிலிருந்து தயாரித்தால் இந்தப் புண்ணியம் கிடையாது. பெயர் ஒன்றுதான், பிறப்புதான் வேறு.

குடித்தால் எமன்

மெத்தனால் என்ற பெயர் தமிழ் மக்களுக்குப் புதியது அல்ல. கள்ளச் சாராயச் சாவுகளில் அடிபடும் அதே விஷச் சரக்குதான் அது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததும் அதுவே. சிறிதளவு உள்ளே போனாலும் கண் போகும்; உயிர் போகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மெத்தனால் எரியும்போது, பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரிவதே அரிது! புகையும் இராது. தீ எரிகிறது என்பது தெரியாமலே ஒருவர் அதற்குள் கால் வைத்து விடலாம்.

இத்தகைய சரக்கை நூற்றுக் கணக்கான டன் கையாள்வது சாமானிய வேலையா?

2023-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி சிங்கப்பூரில் அந்தப் பரீட்சை நடந்தது. தென் கொரியாவின் உல்சான் நகரில் கட்டிய லாரா, கோபன்ஹேகன் விழாவுக்குப் போகும் வழியில் அங்கே வந்து நின்றது. ஒரு சிறிய எண்ணெய்க் கப்பல் அதன் பக்கத்தில் அணைந்தது. குழாய் பூட்டினார்கள். 300 டன் மெத்தனால் லாராவின் தொட்டிக்குள் இறங்கியது.

கேட்பதற்குச் சுலபம். அதற்கு முன் நடந்த ஏற்பாடுகள் கொஞ்சமல்ல! கசிந்தால் ஆவி எந்தப் பக்கம் பரவும் என்று கணக்குப் போட்டார்கள். விபத்து நேர்ந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒத்திகை நடத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத தீயைக் காண, வெப்பத்தை அறியும் கேமராவைப் பறக்கும் கருவியில் வைத்து மேலே அனுப்பினார்கள். சாதாரண நுரை இந்தத் தீயை அணைக்காது. அதற்கென்று தனி நுரை வேண்டும்.

லாரா அங்கிருந்து சூயஸ் நோக்கிச் சென்றது. போர்ட் செய்தில் மறுபடியும் மெத்தனால் நிரப்பிக் கொண்டது. ஆம், ஒரு காலத்தில் கூடை கூடையாகக் கரி ஏற்றிய அதே ஊரில்தான்!

ஓர் ஆலை, ஒரு கப்பல்

அப்படியானால் எல்லாக் கப்பல்களும் ஏன் உடனே மாறக் கூடாது?

முதல் தடை, இடம். எண்ணெய் 1 டன் செய்யும் வேலையைச் செய்யச் சுமார் 2 டன் மெத்தனால் வேண்டும். தொட்டி இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக வேண்டும். அந்த அளவு சரக்குக்கு இடம் குறையும்.

இரண்டாவது தடை, விலை. சுத்தமான முறையில் செய்த மெத்தனாலின் விலை, எண்ணெய் விலையைப் போலப் பல மடங்கு. உலக வர்த்தகச் சரக்கில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது. கப்பல் கூலி ஏறினால், கடைசியில் அது பருப்பு விலையிலும் எண்ணெய் விலையிலும்தான் வந்து விடியும்.

மூன்றாவது தடைதான் பெரிது. சரக்கே போதாது!

2025-ம் ஆண்டு மே மாதம் டென்மார்க்கில் காசோ என்ற இடத்தில் ஒரு மெத்தனால் ஆலை திறந்தார்கள். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்து, அதனால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். சாண எரிவாயு ஆலையிலிருந்து வரும் கரியமில வாயுவை அதோடு சேர்த்து மெத்தனால் செய்கிறார்கள். ஆண்டுக்கு 42,000 டன் செய்யக் கூடிய பெரிய ஆலை.

அந்த 42,000 டன் எத்தனை கப்பல்களுக்குப் போதும்? ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே 16,000 பெட்டி சுமந்து ஓடும் பெரிய கப்பலுக்குக் கொடுத்தால், ஏறத்தாழ ஒரே ஒரு கப்பலுக்குத்தான் ஓராண்டு போதும்!

கப்பல்காரர் சொல்கிறார்: "தீனி நிச்சயம் கிடைக்கும் என்றால் கப்பல் கட்டுகிறேன்." ஆலைக்காரர் சொல்கிறார்: "கப்பல் நிச்சயம் வரும் என்றால் ஆலை கட்டுகிறேன்." நடுவில் நிற்கிறது துறைமுகம். யாரை நம்பித் தொட்டி கட்டுவது?

தயங்குவதற்குக் காரணமும் இருக்கிறது. சுவீடன் நாட்டில் கட்டத் தொடங்கிய ஒரு பெரிய மெத்தனால் ஆலையை, வாங்குவோர் போதாமல் 2024-ம் ஆண்டில் பாதியிலேயே கைவிட்டார்கள். லாராவை ஓட்டிய அதே கம்பெனி, அதே ஆண்டில், இயற்கை வாயுவில் ஓடும் கப்பல்களுக்கும் ஆர்டர் கொடுத்தது. ஒரே குதிரையின் மேல் பணம் கட்ட அதற்கும் துணிவு இல்லை!

புகைவிடும் கப்பல்களிடம் பணம் வசூலித்து, சுத்தமான கப்பல்களுக்கு உதவலாம் என்று உலக நாடுகள் ஒரு திட்டம் போட்டன. 2025-ம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் அதை முடிவு செய்யக் கூடினார்கள். வாக்கெடுப்பு நடந்தது. ஓராண்டு தள்ளி வைக்க 57 நாடுகள் ஆதரவு. 49 நாடுகள் எதிர்ப்பு. முடிவு தள்ளிப் போயிற்று.

தூத்துக்குடியிலும் ஒரு தொட்டி

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு.

வ. உ. சிதம்பரனார் 1906-ம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நீராவிக் கப்பல் விட்டார். அப்போது தூத்துக்குடிக் கரையை ஒட்டிப் பெரிய கப்பல் வர முடியாது, ஆழம் போதாது. சில மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கும் ஆட்களும் தோணியில் போக வேண்டும். புதிய துறைமுகம் பிறந்து, 1974-ம் ஆண்டில் பெரிய துறைமுகங்களின் வரிசையில் சேர்ந்தது. இன்று அது வ. உ. சி.யின் பெயரையே தாங்கி நிற்கிறது.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, வ. உ. சி.யின் பிறந்த நாள். அன்று அந்தத் துறைமுகத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, ஹைட்ரஜன் தயாரிக்கும் சிறிய நிலையம் தொடங்கப்பட்டது. செலவு 3 கோடியே 87 லட்சம் ரூபாய். அந்த ஹைட்ரஜனைக் கொண்டு துறைமுகக் குடியிருப்பின் தெரு விளக்குகளை எரிய வைக்கத் திட்டம். இரண்டு, கப்பல்களுக்கு மெத்தனால் நிரப்பும் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 35 கோடியே 34 லட்சம் ரூபாய். அதன் கொள்ளளவு 750 கன மீட்டர். அதாவது, ஏழரை லட்சம் லிட்டர். குஜராத்தின் காண்ட்லாவுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே சுத்தமான கப்பல் பாதை அமைப்பது நோக்கம்.

ஏழரை லட்சம் லிட்டர் என்றால் மலைப்பாக இருக்கிறது அல்லவா? கணக்குப் பார்த்தால், லாரா சிங்கப்பூரில் ஏற்றிய அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அவ்வளவுதான். சிங்கப்பூருக்கு முன்னால் இது சிறு குழந்தை. ஆனால் காற்றும் வெயிலும் தென் கோடியில் குறைவில்லை. அவற்றால் மின்சாரம், மின்சாரத்தால் ஹைட்ரஜன், ஹைட்ரஜனால் மெத்தனால் என்று சங்கிலி தொடர்ந்தால், தீனியை வேறு ஊரிலிருந்து வாங்க வேண்டியதில்லை.

தொட்டி கட்டினால் மட்டும் போதாது. தொட்டியின் பக்கத்தில் நிற்கப் போகும் ஆளையும் தயார் செய்ய வேண்டும். 2030-ம் ஆண்டுகளின் நடுப்பகுதிக்குள் 8 லட்சம் மாலுமிகளுக்குப் புதிய பயிற்சி தேவைப்படலாம் என்று 2022-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. உலகுக்கு மாலுமிகளை அதிகம் அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. குழாய் பூட்டுகிற தொழிலாளி, கண்ணுக்குத் தெரியாத தீயை அறிந்து கொள்ள வேண்டும். தீயணைப்புக்காரர் புதிய நுரையைப் பழக வேண்டும். துறைமுகத்தை அடுத்த குடியிருப்பில் இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், அபாய மணி அடித்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கரி போய் எண்ணெய் வந்தபோது, கூடை சுமந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு தொழில் கற்றுக் கொடுக்க ஆள் இல்லை. இந்தத் தடவை மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது. முன்கூட்டியே தெரிந்தும் வருகிறது. கற்றுக் கொள்ளக் காலம் இருக்கிறது.

அன்று ஒரு காப்டன் மேகத்தின் நடுவே நட்சத்திரத்தைத் தேடினார். அவர் பெயரைத் தாங்கிய கப்பல்கள் இன்று கரையைப் பார்த்தபடி வருகின்றன. தீனி எங்கே கிடைக்கிறதோ, அங்கேதான் அவை நங்கூரம் பாய்ச்சும்.